இல்லாத முகத்தைத் திருத்துவது

உருவப்படம் வரைகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. படத்திற்கு உட்கார்ந்தவன் எதிரில் இருக்கிறான். மூக்கு சற்று நீளம் என்று யாராவது சொன்னால் திரும்பிப் பார்த்துச் சரிசெய்யலாம். சரிசெய்ய மறுத்தாலும், எதிலிருந்து விலகுகிறோம் என்று தெரிந்தே விலகலாம். கற்பனைப் பாத்திரத்தின் முகத்தை வரைகிறவனுக்கு இது இல்லை. அவன் வரைவது யாரும் பார்த்திராத முகம். அதைப் பார்த்து இன்னொருவன் ‘இது தவறு’ என்கிறான். எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறான்? வரைந்தவன் அதை ஒப்புக்கொண்டு மாற்றினால், எதை நோக்கி மாற்றுகிறான்? விமர்சனம் என்ற காரியத்தின் அடிப்படையே இந்தக் கேள்வியில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கவிதைக்கும் ‘மூலம்’ என்று எதிரில் ஒன்றும் உட்கார்ந்திருப்பதில்லை.

இந்தக் கேள்வி இன்று எங்கள் பக்கத்தில் மிகச் சாதாரணமான இடங்களில் எழுகிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிகளின் டிசைன் பிரிவில் பகல் முழுவதும் கம்ப்யூட்டரில் செருப்பின் மேல்பாகத்துக்கு வடிவம் வெட்டுகிற இளைஞர்களில் சிலர், இரவில் அதே பழகிய கையால் டேப்லெட்டில் வேறொன்றை வரைகிறார்கள். கொம்பு முளைத்த அரசி, ஒற்றைக் கண் வாள்வீரன், இலைபோல் காது நீண்ட பெண். இவற்றுக்கு வம்சாவளி உண்டு. 1966இல் ‘கோனான்’ கதைகளின் அமெரிக்க மலிவுப் பதிப்புக்கு ஃபிராங்க் ஃபிரஸெட்டா வரைந்த அட்டைகள் ஒரு மாயவீரனின் தோற்றத்தை உலகெங்கும் நிலைநாட்டின. 1974இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டு, ஆடுகிற ஒவ்வொருவனையும் தனக்கென்று ஒரு பாத்திரத்தைக் கற்பித்துக்கொள்ளச் சொன்னது. பாத்திரம் வந்ததும் அதற்கு முகம் வேண்டியிருந்தது. 1990இல் வந்த ‘ஃபோட்டோஷாப்’பும் அதற்குப் பின் வந்த டிஜிட்டல் பேனாக்களும் அந்த முகத்தை எண்ணெயும் துணியும் இல்லாமல் வரைய வழிசெய்தன. இந்தப் படங்களை நம் விமர்சகர்கள் பொருட்படுத்தமாட்டார்கள். ஆனால் இல்லாத முகத்தை வரைவதும் அதற்குத் திருத்தம் கேட்பதும் இந்த மண்ணுக்குப் புதியதல்ல.

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்திலிருந்து தொடங்கலாம். 16ஆம் நூற்றாண்டு, விஜயநகரத்துக்கு உட்பட்ட நாயக்கர்களின் காலம். வெகுகாலம் பூஜையின்றிக் கிடந்து, 1981இல்தான் மூலவர் மீண்டும் பிரதிஷ்டையான கோயில். அந்த மண்டபத் தூண்களில் யாளிகள் பாய்கின்றன. யாளியை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அந்தச் சிற்பிகளுக்கு யாளியின் கண் எவ்வளவு பிதுங்க வேண்டும், வாய்க்கோடு எங்கே மடிய வேண்டும் என்பதில் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. அவர்களிடம் தாளமானம் இருந்தது. முகத்தின் நீளத்தையே அளவுகோலாகக் கொண்டு உடம்பு முழுவதையும் பகுக்கும் கணக்கு அது. கல்லில் அழிக்க முடியாது. ஆகவே திருத்தம் உளி படுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சிற்பியின் விமர்சகன் அவனுக்கு முன்னால் பிறந்தவன். அவன் சொல் சூத்திரமாக வந்து சேர்ந்தது. இதில் பாதுகாப்பு இருக்கிறது. மந்தமான சிற்பிகூட ஒரு அளவுக்குக் கீழே இறங்கமாட்டான். சூத்திரம் அறிந்தும் அதன் விளிம்பில் நின்று செதுக்கியவன் எவனென்று தூணுக்குத் தூண் பார்த்தால் இன்றும் தெரிகிறது. அளவு ஒன்றாக இருந்தும் சில யாளிகள் மட்டுமே பாய்கின்றன.

கோட்டையைவிட்டு வெளியே வந்தால் கூத்து. பழைய வடஆற்காடு மாவட்டம் தெருக்கூத்தின் தாய்நிலங்களில் ஒன்று. மாவட்டம் 1989இல் பிரிந்தது. 2019இல் வேலூர் மறுபடி மூன்றாகி, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. கூத்துக்கு இந்த எல்லைகள் தெரியாது. கட்டை வேஷக்காரன் லேசான மரத்தில் செய்து கண்ணாடித் துண்டும் வண்ணக் காகிதமும் ஒட்டிய கிரீடத்தையும் புஜக்கட்டையையும் பூட்டிக்கொண்டு, பொதுவாகத் துரியோதனன் என்றால் முகத்தில் சிவப்பு, கிருஷ்ணன் என்றால் பச்சை என்று பூசிக்கொண்டு திரைக்குப் பின்னால் நிற்கிறான். இதுவும் கற்பனைப் பாத்திரத்தின் உருவப்படம்தான், தோலின் மேல் தீட்டியது. விடிந்ததும் எண்ணெய் தேய்த்து அழித்துவிடுகிறார்கள். அடுத்த இரவு மறுபடி முதலிலிருந்து. கல்லில் முடியாத திருத்தம் இங்கே தினமும் முடிகிறது. நேற்றுப் புருவக்கோடு தூரத்திலிருந்து தெரியவில்லை என்று ஜனங்கள் முனகினால் இன்று அது தடிமனாகிவிடும். இங்கே விமர்சகன் சூத்திரம் அல்ல, பாயில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பவன். முகத்தை எதோடும் ஒப்பிட்டு அவன் பேசவில்லை. தன் மேல் அது என்ன செய்தது, என்ன செய்யத் தவறியது என்பதை மட்டுமே சொல்கிறான். கூத்தை நவீன நாடகக்காரர்களின் பார்வைக்குக் கொண்டுவர ந. முத்துசாமி எழுதியதும், 1977இல் கூத்துப்பட்டறை தொடங்கியதும் இந்தச் சிற்றிதழ் வட்டத்தின் சரித்திரத்தில் ஒரு பகுதி. அந்தப் பேச்சில் கூத்தின் அசைவுக்கும் குரலுக்கும் கிடைத்த இடம், முகம் எழுதும் கலைக்குக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

தோல் என்றதும் தோல்பாவை. ஆம்பூர்க்காரனுக்கு இதில் ஒரு சங்கதி உடனே பிடிபடும். பாவைக்கு ஆகும் ஆட்டுத்தோல் பதனிட்ட தோல் அல்ல. மயிர் நீக்கிச் சுரண்டி, இழுத்துக் கட்டி, பச்சையாகவே உலர்த்திய தோல். அப்படி உலரும்போது நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகுவதால் ஒளி ஊடுருவுகிறது. ஆவாரம்பட்டையோ குரோமோ ஏற்றிப் பதனிட்டால் நார்கள் பிரிந்து நிற்கும். தோல் மிருதுவாகும், நாள்பட உழைக்கும். ஆனால் விளக்கின் ஒளி அதில் நின்றுவிடும். எங்கள் ஊர்களின் தொழில் எதை நல்ல தோல் என்கிறதோ அதில் ராமனும் வரமாட்டான், ராவணனும் வரமாட்டான். பாவைகள் பழசாகிக் கிழியும்போது பழைய பாவையின் கோட்டைப் பார்த்துப் புதியது எழுதப்படுகிறது. ஆந்திரத்தில் அனந்தபூர்ப் பக்கத்து நிம்மலகுண்டாவில் இன்றும் அந்தக் கைகள் உண்டு. இங்கே விமர்சனம் பிரதியெடுப்பதற்குள் ஒளிந்திருக்கிறது. பேரன் பாட்டனின் அனுமனைப் பார்த்து எழுதும்போது, எங்கே கை தானாக வளைந்துகொள்கிறதோ அங்கே பாட்டனை அவன் திருத்துகிறான். ஒரு வார்த்தையும் பேசப்படுவதில்லை.

சூத்திரம், ஜனங்கள், பிரதி: இந்த மூன்றும் 19ஆம் நூற்றாண்டில் கலைந்தன. கலைத்தவர்களில் முக்கியமானவர் ரவிவர்மா. 1873இல் சென்னைக் கண்காட்சியில் கவர்னரின் தங்கப் பதக்கம் வாங்கியவர், 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி லட்சுமியையும் சரஸ்வதியையும் வீட்டுக்கு வீடு அனுப்பினார். எதிரில் ஒரு பெண்ணை உட்காரவைத்து அவளிலிருந்து தேவியை எடுப்பது அவர் வழி. அதாவது, இல்லாத முகத்திற்கு ஒரு மூலத்தை ஏற்படுத்திக்கொண்டார். உடனே விமர்சனமும் சாத்தியமாயிற்று. ‘இவள் தேவி இல்லை, இவள் ஒரு பெண்’ என்று சொல்ல முடிந்தது. 1907இல் ‘மாடர்ன் ரிவ்யூ’வில் நிவேதிதா எழுதியபோது, தரையில் நீளப் படுத்துக் கடிதம் எழுதும் ரவிவர்மாவின் சகுந்தலையைக் கடுமையாகக் கண்டித்தார். ஒரு தேசம் தன் இலட்சியப் பெண்ணாக இவளை ஏற்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். ஆனந்த குமாரசாமியும் அதே காலத்தில் அதே திசையில் எழுதினார். ரவிவர்மா 1906 அக்டோபரிலேயே இறந்துவிட்டார்.

இந்தத் தேதிகள் எனக்கு முக்கியம். தமிழிலும் நாம் எழுதுகிற விமர்சனத்தில் பெரும்பகுதி இந்த வகை. திருத்திக்கொள்ள ஆள் இல்லாத நேரத்தில், திருத்தும் நோக்கமும் இல்லாமல், சரித்திரத்தை நோக்கி எழுதப்படுவது. அதற்குப் பயன் இல்லையென்று சொல்லமாட்டேன். நிவேதிதாவின் கண்டனம் ரவிவர்மாவைத் தொடவில்லை, ஆனால் அவநீந்திரநாத்தின் பக்கம் பலம் சேர்த்தது. 1905இல் ‘பாரத மாதா’வை வரைந்த அவநீந்திரநாத்தின் மாணவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி, 1929இல் சென்னைக் கலைப்பள்ளியின் தலைமைக்கு வந்தார். 1957 வரை இருந்தார். எங்கோ கல்கத்தாவில் ஒரு படத்தைப் பற்றி எழுந்த சர்ச்சை, ஒரு தலைமுறைக்குப் பிறகு எழும்பூரில் ஒரு வகுப்பறையாக மாறியது. செத்தவனைத் திட்டியது பிறக்காதவனுக்குப் பாடமாயிற்று.

அந்தப் பள்ளியில் படித்தவர்கள்தாம் தமிழர்களின் கற்பனை முகங்களைப் பிறகு தீர்மானித்தார்கள். மணியம் அங்கே படித்தவர். 1950இலிருந்து 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ ‘கல்கி’யில் வாரம்தோறும் வந்தபோது வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் நந்தினிக்கும் முகம் கொடுத்தார். நாவலாசிரியரோடு பயணம் போய்ச் சிற்பங்களைப் பார்த்து ஆபரணத்தையும் கொண்டையையும் எடுத்துக்கொண்டவர். முகத்தை எங்கும் எடுக்க முடியாது. அவர் தொடர்கதையின் கெடுவுக்குள் வரைந்தார். அடுத்த வாரத்துக்குள் இந்த வாரத்து நந்தினி லட்சக்கணக்கான கண்களில் பதிந்துவிடுவாள். பிறகு அவளைத் திருத்துவது மணியத்தின் கையில்கூட இல்லை. தொடர் மறுபடி மறுபடி வெளியானபோது வேறு ஓவியர்கள் வரைந்தார்கள். 2022லும் 2023லும் படமாக வந்தது. ஒவ்வொரு தடவையும் ஜனங்கள் ‘இது குந்தவை மாதிரி இல்லை’ என்றார்கள். எந்தக் குந்தவை? 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவளின் முகம் நமக்குத் தெரியாது. மணியத்தின் குந்தவையைத்தான் சொல்கிறார்கள். இல்லாத முகம் ஒன்று மூலமாகிவிட்டது. ஒரு ஓவியனுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய வெற்றி இது. கற்பனைக்கு ஒரு பூட்டும் இதுதான்.

அதே பள்ளியிலிருந்து வந்த சங்கர் 1952இல் ‘அம்புலிமாமா’வில் சேர்ந்தார். தோளில் பிணத்தைச் சுமந்து வாளோடு மயானத்தில் நடக்கும் விக்கிரமாதித்தனை நினைத்தால் அவர் கோடுதான் நினைவில் வருகிறது. 2020இல் காலமாகும்வரை வேதாளத்தின் ஓவியர் என்றே அறியப்பட்டார். கோவில்பட்டிக்குப் போன கொண்டையராஜுவும் சென்னைக் கலைப்பள்ளிக்காரர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். 1976இல் இறப்பதற்குள், சிவகாசி காலண்டர் வழியாக, தானும் சீடர்களுமாகத் தென்னாட்டின் சாமிகளுக்கு முகம் கொடுத்துவிட்டார். அங்கே விமர்சகன் காலண்டர் வாங்கும் மண்டிக்காரன். சாமி நம்மைப் பார்க்க வேண்டும், சிரிக்க வேண்டும், கன்னம் பளபளக்க வேண்டும். இந்த விமர்சனத்துக்குக் கீழ்ப்படிந்து கீழ்ப்படிந்து, முருகனுக்கும் கிருஷ்ணனுக்கும் சரஸ்வதிக்கும் ஒரே கன்னம் அமைந்துவிட்டது.

இங்கே தோல் மண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் உத்தியோகத்தில் தோல் ஏற்றுமதிப் பில்கள் மேஜையைக் கடந்துபோகின்றன. ஸ்டாக்கைப் பார்வையிட அதிகாரிகளுடன் தொழிற்சாலைக்குள் போக நேர்வதுண்டு. அங்கே தரம் பிரிக்கும் மேஜை ஒன்று இருக்கும். வெளிச்சம் நேராக விழும் இடத்தில் ஒரு ஆள் நின்று, வருகிற தோலைத் தடவி, மடித்து, புரட்டி, முதல் செலக்ஷன், இரண்டாம் செலக்ஷன் என்று வீசிக்கொண்டே இருப்பார். உண்ணி கடித்த குழி, முள் கிழித்த கோடு, சூடு போட்ட தழும்பு, உரிக்கும்போது கத்தி பட்ட இடம், எல்லாம் அவர் விரலுக்குத் தெரியும். எது மிருகம் வாழ்ந்ததால் வந்தது, எது மனிதன் கவனக்குறைவால் வந்தது என்று அவர் பிரித்துவிடுகிறார். நான் படித்த விமர்சனக் கோட்பாடுகள் எதுவும் இவ்வளவு தெளிவாக இல்லை.

மேல்பரப்பில் தழும்பு அதிகமான தோலை என்ன செய்கிறார்கள்? தேய்க்கும் இயந்திரத்தில் விட்டு மேற்பரப்பைச் சீவி எடுக்கிறார்கள். நிறமியைக் கனமாகப் பூசி, பிறகு சூடான தகட்டில் அழுத்தி, தோலின் மணிபோன்ற ஒரு வடிவத்தை அதன்மேல் பதிக்கிறார்கள். தொழிலில் இதற்கு ‘கரெக்டட் கிரெய்ன்’ என்று பெயர். திருத்திய தோல். குறையே இருக்காது. ஆயிரம் தோலும் ஒன்றுபோல இருக்கும். மலிவு. தழும்பில்லாத இயற்கை முகத்தோடு விடப்படும் முழுத்தோலுக்குத்தான் விலை. திருத்தம் இரண்டு வகை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒன்று, கத்தி பட்ட இடத்தைச் சுட்டுவது. மற்றது, தோலுக்குத் தோல் போட்டு மூடுவது. சிவகாசிக் கன்னம் இரண்டாவது வகை.

முதல் வகைக்கு உதாரணம் வேண்டுமானால் ஆதிமூலம். பணிக்கர் தலைமையிலிருந்த காலத்தில் சென்னைக் கலைப்பள்ளியில் படித்தவர். பணிக்கரின் சூழலே கூடிப் பேசுவதால் உருவானது. 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கம், 1961இல் ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ என்ற சிறு பத்திரிகை, 1966இல் சோழமண்டலம். ஒருவர் படத்தை மற்றவர் தினமும் பார்க்கிற தூரத்தில் அவர்கள் வாழ்ந்தார்கள். 1969இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி நூறு காந்திச் சித்திரங்களைக் கோட்டிலேயே வரைந்த ஆதிமூலம், அதற்குப் பிறகு ராஜாக்களை வரைந்தார். எந்தக் கதையிலும் வராத ராஜாக்கள். மூலம் இல்லை, புராணம் இல்லை, வம்சம் இல்லை. மீசையும் நகையும் வாளுமாக, அதிகாரம் உள்ளுக்குள் உளுத்துப்போன முகங்கள். காந்தியின் முகத்தைத் தெரியாதவர் இல்லை. நூறு தடவை அந்தத் தெரிந்த முகத்தோடு மல்லுக்கு நின்ற கைதான் பிறகு இல்லாத முகத்தை நம்பும்படி எழுதியது. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

ஆதிமூலமும் ஆர்.பி. பாஸ்கரனும் தட்சிணாமூர்த்தியும் சிற்றிதழ்களுக்கு வரைந்தார்கள். அந்தப் பத்திரிகைகளிடம் ஹாஃப்டோன் பிளாக்குக்குப் பணம் கிடையாது. லைன் பிளாக் மலிவு. ஆகவே கறுப்புக் கோடு, வெள்ளைத் தாள். மழுப்ப சாம்பல் நிறம் இல்லை. தாடை தவறினால் நிழல் போட்டு மறைக்க முடியாது. நம் வறுமை நல்ல விமர்சகனாக இருந்திருக்கிறது.

இன்றைய டேப்லெட்டில் எல்லாம் இருக்கிறது. அழிக்க ஒரு சொடுக்கு. அடுக்கடுக்காக வரைந்து ஒவ்வோர் அடுக்கையும் தனியே நீக்கலாம். படத்தை ஒரே விநாடியில் இடம்வலம் திருப்பலாம். இந்தக் கடைசி வசதியை மேலான ஒன்றாகக் கருதுகிறேன். 15ஆம் நூற்றாண்டில் ஆல்பெர்ட்டியும் லியனார்டோவும் ஓவியனுக்குச் சொன்ன புத்தி இது: படத்தைக் கண்ணாடியில் பார், அது வேறொருவன் வரைந்ததுபோல் தெரியும், தவறு தானே துருத்தும். திருப்பிய முகத்தில் ஒரு கண் மேலேறியிருப்பது தெரிகிறது. வெளிச்சம் இரண்டு பக்கமிருந்து விழுவது தெரிகிறது. கழுத்து தோளில் இறங்காமல் மிதப்பது தெரிகிறது. தன் கை தனக்கு அந்நியமாகும் அந்த விநாடிதான் விமர்சனம். மற்ற மனிதர்கள் நமக்குச் செய்யக்கூடிய உபகாரமும் அந்தக் கண்ணாடியின் வேலையே.

ஆனால் கண்ணாடி சொல்லாத ஒன்று உண்டு. விகிதம் சரி, வெளிச்சம் சரி, ஆனால் இந்த அரசி எதற்காகவும் தூங்காமல் இருந்ததில்லை என்று கண்ணாடி சொல்லாது. அதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள், இந்த முகம் என்னவாக விரும்பியது என்று முதலில் ஊகிக்க வேண்டும். பிறகுதான் எங்கே அது தன்னிடமே தவறியது என்று சொல்ல முடியும். தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். இல்லாத முகத்தை ஒப்பிட மூலம் உண்டு. அது அந்தப் படத்துக்குள்ளேயே, பாதி எழுதப்பட்டு, இருக்கிறது. அளவு தெரிந்த சிற்பியும், பாயில் உட்கார்ந்த விவசாயியும், பாட்டனைப் பிரதியெடுத்த பேரனும் அதைத்தான் தொட்டார்கள். மண்டிக்காரன் தொடவில்லை. அவன் வேறு ஒரு முகத்தை மேலே ஒட்டினான்.

2022க்குப் பிறகு, நாலு வார்த்தை கொடுத்தால் முகத்தை உண்டாக்கித் தரும் இயந்திரங்கள் பொதுப் புழக்கத்துக்கு வந்துவிட்டன. கொம்பு அரசி வேண்டுமா, நொடியில் வருகிறாள். கன்னம் பளபளக்கிறது. லட்சோபலட்சம் படங்களின் மேற்பரப்பைச் சீவித் தகட்டில் அழுத்திய திருத்திய தோல் அது. அதில் குறை காணலாம், ஆறு விரல் என்று சிரிக்கலாம். குறையை யாரிடம் சொல்வது? இன்னொரு முகம் வரும், அவ்வளவுதான். தழும்பு இல்லை, ஏனென்றால் மிருகம் இல்லை. டேப்லெட்டில் இரவெல்லாம் வரையும் அந்த இளைஞனின் பிழைப்புக்கு இதனால் ஆபத்து என்பது உண்மை. அதைவிட, ‘இந்தத் தாடை பொய்’ என்று ஒருவன் சொல்ல, இன்னொருவன் முகம் சுண்டி, இரண்டு நாள் பேசாமலிருந்து, மூன்றாம் நாள் தாடையை மாற்றி எடுத்துவரும் காரியம் நின்றுபோவது பெரிய நஷ்டம்.

நம் இலக்கிய வட்டத்தில் அது எவ்வளவு நடக்கிறது என்று ஒவ்வொருவரும் கணக்குப் பார்க்கலாம். பாராட்டும் வசையும் தாராளமாக இருக்கின்றன. பாராட்டு நிறமிப் பூச்சு. வசை, நல்ல தோலையும் சேர்த்துத் தேய்த்துவிடும் இயந்திரம். தரம் பிரிக்கும் மேஜை நம்மிடம் காலியாகக் கிடக்கிறது. அதன் மேல் வெளிச்சம் இன்னும் நேராகத்தான் விழுகிறது.